மழைக்கு எத்தனை பிட் ஒதுக்குவது?

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட இது அதிகம். அதே நாளில் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். சதுக்கைத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிச் சென்றவர்களுக்கு இந்த எண்கள் தேவையில்லை. அடுத்த வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டுவது, அடுத்த பாலத்தை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்று முடிவெடுக்கும் பொறியாளருக்கு இவைதான் வேண்டும். எனவே அந்த எண்கள் எப்படி எழுதிவைக்கப்படுகின்றன என்பது ஊர்ப் பிரச்சினை. கணினிக்காரர்கள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாக அதை விட்டுவிடக் கூடாது.

மழைமானியிலும் ஆற்று நீர்மட்டக் கருவியிலும் பொருத்தப்படும் டேட்டா லாகர்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். கருவி அளப்பதைச் சுருக்கமான பைனரி கோப்பாக எழுதி, கைபேசிக் கோபுரம் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ அனுப்ப வேண்டும். எந்த அளவுக்கு எத்தனை பிட், அதாவது 0 அல்லது 1 என்ற எத்தனை குறிகள், என்பதை நிரல் எழுதுபவர்தான் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானம் வெள்ளம் வரும் நாளில்தான் சோதிக்கப்படுகிறது.

உலக வானிலை அமைப்பு இதற்கென்றே ஒரு பைனரி வடிவம் வைத்திருக்கிறது. பெயர் பி.யு.எஃப்.ஆர்.; 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. 24 மணி நேர மழைக்கு அதில் ஒதுக்கியிருப்பது வெறும் 14 பிட். மில்லிமீட்டரைப் பத்தால் பெருக்கிப் புள்ளியை நீக்குவார்கள். பிறகு ஒன்றைக் கூட்டுவார்கள். கூட்டுவது ஏன்? அளக்க முடியாத சிறு தூறலை ‘மழை இல்லை’ என்பதிலிருந்து பிரித்துக் காட்ட ஓர் எண் வேண்டும். பூஜ்யம் அந்தத் தூறலுக்கு, ஒன்று மழையே இல்லாததற்கு. எங்கள் 946 மில்லிமீட்டர் இந்தக் கணக்கில் 9461 ஆகிறது. பிட்டுகளாக எழுதினால் 10010011110101. காயல்பட்டினம் என்ற பெயரை யூனிகோடு தமிழில் எழுதவே, வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில், 39 பைட் வேண்டும். அதாவது 312 பிட். ஊரையே மூழ்கடித்த மழைக்கு 14 பிட் போதுமானதாக இருந்தது.

போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். 14 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 16,383. எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் அந்த எண் ‘அளவு வரவில்லை’ என்பதற்கு ஒதுக்கப்பட்டது. ஆக, எழுத முடிந்த அதிகபட்ச மழை 1638.1 மில்லிமீட்டர். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலக சாதனையான அந்த மழை இந்த 14 பிட்டுக்குள் அடங்காது. பி.யு.எஃப்.ஆர்.-க்கு முந்தைய எழுத்துவழித் தந்திக் குறியீட்டில் வழக்கமான மழைக் குறிக்கு மூன்று இலக்கம்தான். 989 என்று எழுதினால் ‘989 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல்’ என்று பொருள். எங்கள் ஊர் அந்த எல்லையை எட்ட இன்னும் 43 மில்லிமீட்டர்தான் பாக்கி இருந்தது.

ஆற்றுக் கணக்கில் ஆபத்து இன்னும் பெரிது. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டமான 143 அடியை நூறில் ஒரு பங்கு அடி நுட்பத்தோடு எழுத 14 பிட் தாராளம். வினாடிக்கு இத்தனை கன அடி என்ற நீர்வரத்தை வழக்கம்போல 16 பிட்டில் எழுதினால் 65,535-க்கு மேல் இடமில்லை. அந்த டிசம்பரில் தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. நிரலில் எச்சரிக்கை வைக்காவிட்டால் ஒரு லட்சம் என்பது 34,464 என்று பதிவாகும். பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. பார்ப்பவருக்கு அது நம்பத்தக்க எண்ணாகவே தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தால், 2023-இல் வந்தது நடுத்தர வெள்ளம் என்று முடிவு கட்டுவார். இதைத் தவிர்க்க நான்கே நான்கு பிட் கூடுதலாக ஒதுக்கினால் போதும். 20 பிட்டில் பத்து லட்சம் கன அடி வரை எழுதலாம்.

‘எதற்கு இந்தச் சிக்கனம், எல்லாவற்றையும் சாதாரண எழுத்திலேயே எழுதிவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் ஊரின் தினசரி மழை நூறு ஆண்டுக்குச் சேர்ந்தாலும் சுமார் 36,500 எண்கள்தான். அதற்கு எழுத்துக் கோப்பே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ள நாளின் கதை வேறு. அன்று எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை, கைபேசிச் சிக்னல் இல்லை. எப்போதாவது ஒரு நொடி இணைப்பு கிடைத்தால் அதற்குள் செய்தி போய்விட வேண்டும். ஒரு குறுஞ்செய்தி 140 பைட் சுமக்கும். தமிழில் எழுதினால் 70 குறிகளோடு முடிந்துவிடும். அதே 140 பைட்டில் 14 பிட் வீதம் 80 மழை அளவுகளை அடைக்கலாம். கால் மணிக்கு ஒன்று என்றால் 20 மணி நேரத்து மழை முழுவதும் ஒரே செய்தியில் போய்ச் சேரும். சுருக்கமாக எழுதுவது அந்த இரவில் உயிர் காக்கும் வேலை.

ஆனால் சுருக்கம் மட்டும் போதாது, விளக்கமும் கூடவே வர வேண்டும். எங்கள் வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்த காலத்துப் பேரேட்டில், உள்ளே வரும் ஒவ்வொரு சுருக்கக்குறிக்கும் முதல் பக்கத்திலேயே பொருள் எழுதியிருக்கும். அவர் இல்லாத போதும் யாரும் கணக்குப் பார்க்கலாம். பைனரி கோப்புக்கும் அப்படியொரு முதல் பக்கம் தேவை: எந்த அளவு, எந்த அலகு, எத்தனை பிட், எதால் பெருக்கியது, எந்த பைட் முதலில், விடுபட்டதற்கு எந்தக் குறி.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழையைக் கால் பாகை கட்டங்களாகப் பிரித்து இலவசமாக இணையத்தில் தருகிறது. பாராட்ட வேண்டிய பணி. ஒரு நாளுக்கு 135-க்கு 129 என 17,415 எண்கள். எண்ணுக்கு 4 பைட். ஓராண்டு சுமார் 25 எம்.பி. எங்கள் ஊருக்குச் சற்று மேற்கே உள்ள கட்டப்புள்ளியை வாசிக்க அந்த நாளின் பகுதியில் 4,504 பைட்களைத் தாண்ட வேண்டும். கட்டங்கள் தென்மேற்கு மூலையில் 6.5 பாகை அட்சம், 66.5 பாகை தீர்க்கத்தில் தொடங்குகின்றன என்ற குறிப்பு கூடவே வருவதால்தான் இதை என்னால் சொல்ல முடிகிறது. அது இல்லாவிட்டால் வேறு ஏதோ ஊரின் மழையை நம் மழை என்று வாசித்துக்கொண்டிருப்போம்.

அளவு கிடைக்காத இடத்தில் அந்தக் கோப்பில் −999 என்று இருக்கும். மாவட்ட அளவில் கைக்குக் கிடைக்கும் எக்செல் தாள்களில் இந்த ஒழுங்கு இருப்பதில்லை. எனக்கு வந்த ஒரு தாளில் மழைமானி பழுதான நாட்கள் வெற்றிடமாகவும், மழை பெய்யாத நாட்கள் சில இடங்களில் வெற்றிடமாகவும், சில இடங்களில் பூஜ்யமாகவும் இருந்தன. எது எது என்று கேட்டபோது பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. கருவி உடைந்த நாளையும் வறண்ட நாளையும் ஒன்றாக்கிவிட்டால் சராசரி பொய்யாகும். அந்தச் சராசரியை நம்பிக் கட்டும் மதகும் பொய்யாகும்.

கட்டக் கோப்பில் இருப்பது சுற்றுவட்ட நிலையங்களைக் கலந்து கணித்த மதிப்பு. காயல்பட்டினத்தின் 946 அதில் அப்படியே இராது. தினசரி அறிக்கைகளில் அது 95 சென்டிமீட்டராக முழுமையாக்கப்பட்டு பிடிஎஃப்-இல் உறைந்து கிடக்கிறது. கணினியால் எளிதில் வாசிக்க முடியாத வடிவம் அது. நிலையத்தில் அளந்த மூல எண், மில்லிமீட்டரில், நேரத்தோடு வேண்டும்.

எனவே வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வானிலைத் துறை மூன்றிடமும் கேட்பது இதுதான். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள், மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகள், கீழே காயல்பட்டினம், திருச்செந்தூர் வரையிலான மழைமானிகள் எல்லாவற்றின் அளவுகளையும் ஒரே பைனரி வடிவில் சேமியுங்கள். இதுவரை கண்ட உச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்காவது பிட் ஒதுக்குங்கள். விடுபட்டதற்குத் தனிக் குறி வையுங்கள். வடிவத்தின் விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்போடு சேர்த்து வெளியிடுங்கள். அதிலிருந்து எழுத்துக் கோப்பு எடுக்கும் சிறு நிரலையும் பக்கத்திலேயே வையுங்கள். கல்லூரி மாணவர் ஒருவர் ஓரிரு நாளில் எழுதிவிடக் கூடியதுதான் அது. எல்லாவற்றையும் பூட்டில்லாமல் பொதுவில் தாருங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. செய்யுங்கள்.