தொட்டுப் பார்க்கும் உரிமை

கண்டிக்கு அருகே ஹந்தானை மலையில், 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய எந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே காக்கப்படுகின்றன. கந்தப்பளையிலோ, பழைய தொழிற்சாலை ஒன்று உல்லாச விடுதியாகியிருக்கின்றது. நாம் ஒன்று கேட்கிறோம்: வரலாற்றுக்கு ஒன்று கிடைத்தது, விருந்தினருக்கு ஒன்று கிடைத்தது, லயத்தில் பிறந்த பிள்ளை கைவைத்து விஞ்ஞானம் பயில ஒன்று கிடைக்கலாகாதா?

"தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவே போதும், விஞ்ஞானக் கூடம் எதற்கு?" என்பார் இன்றும் உளர். இது துரைமார் காலத்து வாதம். அப்பிள்ளையின் வாசலிலேயே விஞ்ஞானம் கிடக்கின்றது. தாய் பறிக்கும் கொழுந்தின் எடையில் முக்காற்பங்கு நீரே. அது வாடி, உருளையில் நசுங்கி, அதன் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது பச்சை செம்பு நிறமாகின்றது. புளிக்கவைத்தல் என்று வழங்கும் இச்செயல் உண்மையில் நொதித்தலன்று, ஒட்சியேற்றமே. ஏறக்குறைய 1,860 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. பருப்பு வேகத் தாமதிப்பது அடுப்பின் குற்றமன்று. வளியமுக்கம் குறைந்ததன் விளைவு. இதை மனனம் செய்து ஒப்புவிக்கும் மாணவி ஒரு வெப்பமானியை நீரில் இட்டுத் தன் கண்ணாலேயே கண்டால், அவ்வறிவை அவளிடமிருந்து யார் பறிக்க முடியும்?

இது நடவாத கனவன்று. கல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் 1965இலேயே விஞ்ஞானக் காட்சிகளை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில், காண்போர் தாமே இயக்கிப் பார்க்கும் எக்ஸ்புளோரட்டோரியத்தை நிறுவியவர் பிராங்க் ஒப்பன்ஹைமர். அரசியற் கொள்கைக்காகப் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, மாடு வளர்த்துப் பிழைத்து, நாட்டுப்புறப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர் அவர். ஏழைப் பிள்ளையின் கையும் ஆராயவல்லது என்பதை அந்த வகுப்பறை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

ஆதலின் நாம் கோருவது பிச்சையன்று. மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளுள் ஒன்றைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். உருளையை அவர்கள் சுழற்றட்டும், ஈரத்தை அளக்கட்டும், ஓடையில் சிறு சக்கரமிட்டு விளக்கேற்றட்டும். அதுவரை ஒரு வண்டியேனும் அட்டனிலிருந்து தோட்டந்தோறும் செல்லட்டும்.

நூற்றைம்பது ஆண்டுகளாக இந்நாட்டின் செல்வத்தைக் கிள்ளிக் கொடுத்த கைகள் அவை. அக்கைகளின் வாரிசுகளுக்குப் பார்வையாளர் வரிசையில் ஓர் இடம் போதாது. எந்திரத்தின் அருகே இடம் வேண்டும்.