வரிசையில் நிற்காதவர்கள்

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழகமெங்கும் ஏறத்தாழ 40,000 இடங்களில் கொரோனா தடுப்பூசி முகாம்கள் நடைபெற்றன. அந்த ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தடுப்பூசிகள் போடப்பட்டன. நம் மாநிலம் பெருமைப்படத்தக்க நாள் அது. ஆனால், அந்த வரிசைகளில் நிற்காதவர்கள் யார் என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? மனநோயால் பாதிக்கப்பட்ட சகோதர சகோதரிகளைப் பற்றியே இங்கே சிந்திக்கிறோம்.

மனநோய்க்கும் கொரோனாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நியூயார்க் நகரில் 7,000க்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021 சனவரியில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. முதுமைக்கு அடுத்தபடியாக அங்கு மிகப் பெரிய ஆபத்துக் காரணியாக இருந்தது இந்நோயே. பிரித்தானியா, கடுமையான மனநோய் உள்ளவர்களைத் தடுப்பூசிக்கான முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலோ, 2021 மார்ச் மாதம் 45 முதல் 59 வயது வரையுள்ளோருக்கென வெளியிடப்பட்ட 20 இணைநோய்களின் பட்டியலில் சர்க்கரை நோயும் இதய நோயும் இருந்தன. அறிவுசார் குறைபாடும் இருந்தது. மனச்சிதைவு நோயின் பெயர் இல்லை.

மனநல மருத்துவமனைகளில் இருப்போருக்கு ஓரளவு வழி பிறந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் தடுப்பூசி போடுவதற்கான நெறிமுறையை மத்திய அரசு வெளியிட்டபோது, மனநல நிலையங்களில் வாழ்வோரும் அதில் இடம்பெற்றனர். உச்ச நீதிமன்றமும் 2021 சூலையிலும் செப்டம்பரிலும் இதை வலியுறுத்தி, மத்திய அரசுக்கு அறிவுறுத்தல் வழங்கியது. ஆனால் மனநோயுள்ளவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைகளில் இல்லை. நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறாதவர்கள். மருத்துவர் அறியாத ஒருவரை எந்தத் தடுப்பூசிப் பட்டியல் தேடி வரும்?

நம் மேனாம்பேட்டையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால், பூட்டிய கதவுக்குப் பின்னே ஒரு அண்ணனோ, ஒரு அத்தையோ தனித்திருக்கிறார். 2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பதிவு செய்யக் கைப்பேசி எண் வேண்டியிருந்தது; புகைப்பட அடையாள அட்டை வேண்டியிருந்தது; கூட்டத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. யாரோ தனக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்ற அச்சத்தோடே வாழும் ஒருவருக்கு, முன்பின் தெரியாதவர் ஊசியோடு நெருங்குவது எத்தகைய சோதனை! "அவனைக் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற குடும்பத்தாரின் தயக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

அன்பர்களே, அவர்கள்தாம் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. டென்மார்க்கில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில், பொதுமக்களில் 89.5 விழுக்காட்டினர் தடுப்பூசிக்கு விருப்பம் தெரிவித்தனர், மனநோயுள்ளவர்களில் 84.8 விழுக்காட்டினர் விருப்பம் தெரிவித்தனர். வேறுபாடு மிகச் சிறியதே. அச்சம் எல்லாருக்கும் பொதுவானது. நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள், 2021 ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்தபோது, நல்ல மனநலத்தோடு இருந்த நம்மில் எத்தனை பேர் பின்வாங்கினோம்! அவரது இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று வல்லுநர் குழு பின்னர் தெரிவித்தது. நமக்கு அதை எடுத்துச்சொல்ல உறவினர்களும் நண்பர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு யார் சொன்னது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தடுப்பூசி போட்டுக்கொள்வது ஓர் அன்புச் செயல் என்று 2021 ஆகஸ்டில் கூறினார். அப்படியானால், தானாக வர இயலாதவரைப் பொறுமையோடு அழைத்துச் செல்வது அதனினும் பெரிய அன்புச் செயல் அல்லவா?

அழைத்துச் செல்வது வேறு. இழுத்துச் செல்வது வேறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டதை நாம் மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல்நோயாளிக்குரிய அதே சமத்துவத்தை மனநோயாளிக்கும் வழங்குகிறது. ஆகவே அவரிடமும் விளக்க வேண்டும். அவரது சம்மதத்தையும் கேட்க வேண்டும். இன்று மறுத்தால் அடுத்த வாரம் மீண்டும் கேட்கலாம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது பொதுவாகத் தடுப்பூசிக்குத் தடையல்ல. ஆயினும் மருத்துவரிடம் எல்லா மருந்துகளையும் காட்டிக் கேட்பது நல்லது.

கொரோனா முகாம்கள் முடிந்துவிட்டன. ஆனால் தேவை முடியவில்லை. காயம்பட்டால் போடும் டெட்டனஸ் ஊசி, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, மழைக்காலக் காய்ச்சல் தடுப்பூசி ஆகியவை இவர்களுக்கும் உரியவை. நாளை இன்னொரு கொள்ளைநோய் வந்தால் மீண்டும் பட்டியல் போடப்படும். மனநல மருந்து வாங்க வரும் இடத்திலேயே, பழகிய செவிலியர் கையாலேயே தடுப்பூசியும் கிடைத்தால் பாதி அச்சம் நீங்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. தடுப்பூசியும் அவ்வழியே இவர்களின் வாசலுக்கு வரவேண்டும் என்று நாம் கேட்கலாம்.

உதவியும் தொலைவில் இல்லை. வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993இல் தோன்றிய 'பான்யன்' அமைப்பு பணியாற்றும் முகப்பேர் நமக்குப் பக்கத்து ஊர். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் உள்ளது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

அன்பியக் கூட்டத்துக்காக வீடு வீடாகப் போகிறோம். அங்கே நமக்கு ஒருபோதும் அறிமுகப்படுத்தப்படாத ஒருவர் உள்அறையில் இருக்கக்கூடும். அவரைப் பற்றிக் கனிவோடு விசாரிப்போம். அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது, அவருக்காகவும் ஓர் இடம் பிடித்து வைப்போம்.