நுரையீரலைப் பார்த்துக் காற்று கொடுப்போம்

தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரவு பகலாக வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வென்டிலேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரின் நுரையீரலையும் கட்டிலருகிலேயே படம் எடுத்துப் பார்த்து, அதற்கேற்பக் காற்றின் அளவையும் அழுத்தத்தையும் வைக்க வேண்டும்.

உயிர் காக்கும் வென்டிலேட்டரே, அளவு தவறினால் நுரையீரலைச் சிதைக்கும். 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இதை ஐயமறக் காட்டியது. ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடும் நுரையீரல் பாதிப்புக்கு ஆளான 861 பேர் அதில் இருந்தனர். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. காற்று பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேரும், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தனர். புதிய மருந்து எதுவும் இல்லை. மூச்சைச் சிறிதாக்கினார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கிலோ உடம்பின் எடை அல்ல, உயரத்தையும் பாலினத்தையும் வைத்துப் போடும் கணக்கு. 150 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மாவுக்குக் கணக்கு எடை சுமார் 43 கிலோதான் வரும். அவருக்கு 260 மி.லி. போதும். உடல் எடையை வைத்துக் கணக்கிட்டால் 420 மி.லி. போய்விடும். உயரத்தைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்கும் பழக்கத்தால் அதிகம் அடிபடுவது குட்டையான பெண்களே. அதனால் எங்கள் இயக்கத்தின் முதல் கருவி அளவு நாடா.

ஆனால் 6 மி.லி. என்பதும் எல்லோருக்கும் பொதுவான எண்தான். இத்தாலியரான கட்டினோனி 1980-களில் சி.டி. படங்களில் கண்டது இன்றும் எங்களுக்குப் பாடம். மல்லாந்து கிடப்பவரின் முதுகுப் பக்க நுரையீரல் சுருங்கிப்போயிருக்கும். முன்பக்கத்தில் ஒரு குழந்தையின் நுரையீரல் அளவுக்கே காற்று புகும் இடம் மிஞ்சியிருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் ஒருவருக்குச் சுருங்கிய பகுதி திறக்கும், இன்னொருவருக்கு நல்ல பகுதி அளவுக்கு மீறி உப்பும். பிரேசில் தலைமையில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், நுரையீரலை அழுத்தித் திறந்து உயர் அழுத்தத்தில் வைத்த பிரிவில் 55.3 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தனர். மற்றப் பிரிவில் அது 49.3.

சி.டி. அறைவரை கொண்டுபோகத் தாங்காத நோயாளிக்கு அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. ஜெல் தடவிய ப்ரோபை விலா இடுக்கில் வைத்தால், காற்றுள்ள நுரையீரல் உறை மூச்சோடு வழுக்கி நகர்வது திரையில் தெரியும். ஈரம் சேர்ந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் மேலிருந்து செங்குத்தாக இறங்கும். முற்றிலும் இறுகிய பகுதி கல்லீரலைப் போலத் திண்ணமாகத் தெரியும். மார்பின் 12 இடங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும், முதுகுப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. நுரையீரல் அளவுக்கு மீறி உப்புவதை மட்டும் இதில் காண முடியாது. அதற்கு மார்பைச் சுற்றிக் கட்டும் மின்முனைப் பட்டை உதவும். காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பதை அது மூச்சுக்கு மூச்சு காட்டும்.

இதில் எங்களுக்கு மிதப்பு இல்லை. நுரையீரலின் படத்தைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 2019-ல் வந்தது. மொத்தத்தில் இறப்பு குறையவில்லை. ஐந்தில் ஒருவருக்குப் படம் தவறாக வாசிக்கப்பட்டிருந்தது. அப்படித் தவறான சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. பயிற்சி இல்லாத கையில் படம் ஆபத்து என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம். எனவே இரண்டாவது ஒருவர் பார்த்து உறுதி செய்யாமல் அழுத்தத்தை மாற்ற மாட்டோம். மாற்றிய பிறகு மறுபடியும் பார்ப்போம், பார்த்ததை நோயாளியின் தாளில் எழுதுவோம். செவிலியர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும், ஏனென்றால் இரவு முழுக்கக் கட்டிலருகே இருப்பவர்கள் அவர்களே.

அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டு கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தை முழுமனதோடு ஆதரிக்கிறோம். பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்குக் கையடக்கக் கருவியைப் பயன்படுத்த அதன் விதிகள் இடம் தருகின்றன. சட்டத்துக்குப் பயந்து கருவியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். முறையாகப் பதிவு செய்து வார்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அரசு மருத்துவமனைகளில் வென்டிலேட்டர் வாங்கும்போதே அல்ட்ராசவுண்டுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து நிதி ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் வென்டிலேட்டரில் இருந்தால், அவர் உயரத்தை அளந்தார்களா, நுரையீரலைப் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.