ஆர்மோனியப் பெட்டியும் ஆராய்ச்சியும்

பழம்பொருளை விலைக்குக் கொள்வோர் கண்ணால் மயங்குதல் இயல்பு. இசைக்கருவியைக் கொள்வோரோ காதாலும் மயங்குவர். பின்னைய மயக்கமே பொல்லாதது என்பது எம் கருத்து. பட்டறிந்தே இதனைக் கூறுகின்றோம்.

சென்ற ஆண்டு, ஆவடிக்கு அண்மையிலுள்ள சிறு சபையொன்று, பூவிருந்தவல்லியில் ஒரு வீட்டில் விலைக்கு வந்த பழைய ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்துவர எம்மை அனுப்பிற்று. மங்காத தேக்குமரம், முகப்பில் கல்கத்தாக் கம்பெனியொன்றின் பித்தளைத் தகடு. எம்முள் ஒருவர் எல்லோரும் அறிந்த கீர்த்தனையொன்றை வாசித்தார். கேட்டோர் உள்ளம் உருகிற்று. அப்பொழுதே பணத்தைக் கொடுத்துவிட்டோம். அறுப்பின் பண்டிகையன்று முதியோர் பொருட்டுச் சுருதியைத் தாழ்த்தியபோதுதான், கீழ்ஸ்தாயியில் ஐந்து கட்டைகள் ஒலியின்றிக் காற்றை மட்டும் விடுவது தெரிந்தது. விற்றவர் பொய்யொன்றும் கூறவில்லை. யாம்தாம் கேட்க வேண்டுவதைக் கேட்கவில்லை. அப்பணமோ, சபைப் பெண்மக்கள் நாடோறும் உலையரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துவைத்துச் சேர்த்த காணிக்கை.

எம் பிழை யாது? பாட்டை வாசித்துப் பார்த்தமையே. 1840களில் பாரிஸ் நகரத்து டெபேன் என்பவர் ஆர்மோனியம் எனப் பெயரிட்ட கருவி, பின்னர் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் முதலியோரால், தரையிலமர்ந்து கையால் துருத்தி இயக்கும் பெட்டியாயிற்று. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் தனிப் பித்தளை நாக்கு உண்டு; ஒன்றின் நலம் மற்றொன்றுக்குச் சான்றாகாது. மூன்றரை ஸ்தாயிப் பெட்டியின் 42 கட்டைகளுள் ஒரு கீர்த்தனை தொடுவன பத்தோ பன்னிரண்டோதான். தொடப்படாத கட்டைகளில் தூசியும் பூச்சியும் குடிபுகுந்திருக்கும். மேலும், பழகிய பாட்டில் ஓசையின் குறையை நம் நினைவே நிரப்பிவிடுகின்றது.

இவ்வுண்மை ஆர்மோனியத்தோடு நிற்பதன்று. 1963இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் தோன்றிய மெல்லோட்ரான் என்னும் கருவியில், வயலின், குழல் முதலியவற்றின் ஓசையைப் பதிந்த காந்த நாடா ஒவ்வொரு கட்டையின் கீழும் அமைந்துளது. கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டு விநாடி ஒலிக்கும். விட்டவுடன் நாடா தன் இடத்திற்கு மீளும். 1970இல் வந்த எம்400 வகையில் கட்டைகள் 35. பழைய மெல்லோட்ரானைக் கொள்வோன் ஒவ்வொன்றையும் நாடா முடியுமளவும் அழுத்திப் பொறுத்துக் கேட்டல் வேண்டும். விரைந்த பாட்டு நாடாவின் முற்பகுதியையே காட்டும். கடைப்பகுதியின் தேய்வை மறைத்துவிடும்.

ஆர்மோனியத்திற்கும் முறை இதுவே. முதலில் கட்டையெதனையும் தொடாது துருத்தியை நிரப்பிக் காத்திருக்க; காற்று விரைந்து வடியுமாயின் எங்கேனும் கசிவு உண்டு. தொடாமலே ஓசை எழுமாயின் கட்டையின் அடைப்புச் சரியாகப் படியவில்லை. பின்னர் அடியிலிருந்து முடிவரை ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் உரக்கவும் ஒலித்துப் பார்க்க. மேற்பலகையைத் திறந்து நாக்குகளையும் நோக்குக. சுருதியை உயர்த்த நுனியையும், தாழ்த்த அடியையும் அராவுதல் வழக்கம். பன்முறை அராவிய நாக்கு மெலிந்து ஒடியும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அண்மையிலுள்ள எம் பக்கத்தில், கோடையில் இலகுவாய் எழும் கட்டை ஐப்பசி மழையில் ஊறிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆதலின் பக்கத்துக் கட்டைகளுக்கிடையே போதிய இடமுளதா என்பதையும் காண்க.

இங்ஙனம் துருவிப் பார்த்தல் விற்பவரை ஐயுறுதலாகும், அது கிறிஸ்தவப் பண்பன்று என்பாரும் உளர். யாம் அதனை ஒப்போம். அனைத்தையும் சோதித்தறியும்படி தெசலோனிக்கேயருக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதியதை மறத்தலாகாது. திருவள்ளுவரும் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தனர். சொந்தப் பணத்தால் வாங்குவோன் தன் மனம்போல் மயங்கலாம். பிறர் காணிக்கையைக் கையில் ஏந்திச் செல்வோனுக்கு அவ்வுரிமை இல்லை. சோதித்தபின் குறையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்பதும், பழுதுபார்க்கத்தக்க குறையாயின் ஏற்றுக்கொள்வதும் இருவர்க்கும் நலமாம்.

அப்பெட்டி இன்றும் அச்சபையில் ஒலிக்கின்றது. ஐந்து கட்டைகள் மட்டும் ஒலிப்பதில்லை. நண்பர்களே, நீவிர் பழைய கருவியொன்றைக் காணச் செல்லுங்கால் கட்டைகளை முதலிற் கேளுங்கள்; கீர்த்தனை பின்னர் வரட்டும்.