டயரை மாற்றினால் கியரையும் மாற்றுக!

மழைக்காலம் பிறந்துவிட்டால் தோட்டத்துச் செம்மண் சடக்குகள் என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பால் வாளியோடு வழுக்கி விழுந்த வெட்டுக்காரருக்கும் அது தெரியும். பால் வண்டி வராதா என்று ஸ்டோர் வாசலில் காத்துக்கிடந்த கிராணியாருக்கும் தெரியும். வண்டி சேற்றில் புதைந்தால் பால் கெட்டுவிடும். அன்றைய உழைப்பு வீணாகும்.

இதற்குச் சில தோட்ட நிர்வாகங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. பிக்கப் வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பெரிய டயர்களைப் போடுகிறார்கள். வண்டி உயர்ந்து நிற்கிறது. சேற்றைத் தாண்டிப் போகிறது. நல்லதுதான். இதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாமல், வருகின்ற நஷ்டத்தை ஓட்டுநர் தலையில் கட்டுகிறார்களே, அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறோம்.

ஒரு தோட்டத்து ஓட்டுநர் மனம் நொந்து நம்மிடம் கூறியது இது. பெரிய டயர் போட்ட மறுமாதமே கணக்குப் புத்தகத்தில் டீசல் செலவு ஏறியதாம். ஆபீசுக்கு அழைத்து, “எண்ணெய் எங்கே போகிறது?” என்று கேட்டார்களாம். சில மாதங்களில் கிளட்ச் தேய்ந்து போயிற்று. “உனக்கு ஓட்டத் தெரியவில்லை” என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்களாம். அவர் ஒரு சொட்டு எண்ணெயும் எடுத்தவரல்லர். கணக்கு எழுதிய கிராணியாரும் பொய் எழுதியவரல்லர். இருந்தும் ஒரு நேர்மையான தொழிலாளி திருடன் போல் தலைகுனிந்து நின்றார். இந்தப் பழி எங்கிருந்து வந்தது? டயரிலிருந்து வந்தது!

எப்படி என்று பார்ப்போம். வண்டியோடு வந்த டயரின் உயரம் 28 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 88 அங்குலம் நகரும். 33 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 104 அங்குலம் நகரும். ஆனால் வண்டியில் உள்ள மீட்டருக்கு இது தெரியாது. அது சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. பழைய டயர் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வண்டி உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடினால், மீட்டர் ஏறக்குறைய 848 என்றுதான் காட்டும். அதற்கு 100 லிட்டர் டீசல் செலவானால், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி எட்டரைதான் ஓடியதாகப் புத்தகம் சொல்லும். மீதித் தூரத்துக்கான எண்ணெய் களவு போனதாகத் தோன்றும். எண்ணெய் எங்கும் போகவில்லை. தூரம்தான் கணக்கில் ஏறவில்லை.

வேகத்திலும் இதே ஏமாற்றுதான். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 71 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகக் கட்டுப்பாட்டை மீறியதற்கு அபராதச் சீட்டு வந்தால் அதுவும் ஓட்டுநர் பெயருக்குத்தானே வரும்?

இனி கிளட்ச் சங்கதி. பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கிறதே, டிஃபரன்ஷியல், அதற்குள் பினியன் என்ற சிறு பல்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் இருக்கின்றன. பினியனுக்கு 10 பல்லும் கிரவுனுக்கு 41 பல்லும் இருந்தால், பினியன் 4.1 சுற்றுச் சுற்றினால்தான் டயர் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சினின் பலத்தைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பது இந்தக் கணக்குத்தான். டயர் உயர்ந்துவிட்டால், முன்பு 100 பங்காக இருந்த இழுவை 85 பங்காகக் குறைந்துவிடும். பால் தொட்டி நிறைந்த வண்டியை மேட்டில் நகர்த்த ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தபடி எஞ்சினை உறும விட வேண்டியிருக்கிறது. கிளட்ச் தேயாமல் என்ன செய்யும்? இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தியும் அதே அளவு குறைகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. டயர் எவ்வளவு உயர்ந்ததோ அதற்கு ஏற்றபடி அச்சின் கியரையும் மாற்ற வேண்டும். 4.1-ஐ 33-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.83 வரும். பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல் கொண்ட கியர் 4.875 கொடுக்கும். அதைப் போட்டால் வண்டிக்குப் பழைய இழுவை திரும்பிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். செலவைக் குறைக்கப் பின் அச்சை மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உள்ளே உடையும்.

இது எந்தப் பட்டறையிலும் அவசரமாக முடிக்கக்கூடிய வேலையன்று. பல்லும் பல்லும் சேரும் இடத்தில் இருக்கவேண்டிய இடைவெளியை அளந்து, சாயம் தடவி, பல் பதிகிற இடத்தைப் பார்த்துப் பொருத்தத் தெரிந்தவர் வேண்டும். பொருத்திய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் நிதானமாக ஓட்டி, டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்ற வேண்டும். மறுநாளே பால் ஏற்றச் சொன்னால் புதுக் கியர் வெந்துபோகும். அந்தப் பழியும் ஓட்டுநருக்கு வரக்கூடாது.

கியர் மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். கியர்ப் பெட்டியிலிருந்து கணக்கெடுக்கும் மீட்டர் தானே சரியாகிவிடும்; சக்கரத்திலிருந்து கணக்கெடுக்கும் புதிய வண்டிகளில் மீட்டரைத் தனியாகத் திருத்த வேண்டும். பிரேக்கின் பிடி குறைந்ததைக் கியர் ஈடுசெய்யாது. வண்டி இரண்டரை அங்குலம் உயர்ந்து நிற்பதால், சரிவான சடக்கில் கவிழும் அபாயமும் முன்னைவிட அதிகம். ஆகையால் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். பாரத்தையும் குறைக்க வேண்டும். டயரை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவையும் கேட்டுக்கொள்வது நல்லது.

“இவ்வளவு செலவுக்கு எங்கே போவது?” என்று நிர்வாகம் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் பழைய அளவிலேயே, சேற்றுக்கு ஏற்ற ஆழமான வெட்டுள்ள டயரைப் போடலாமே! சடக்கில் கல் கொட்டி, ஓரத்தில் கால்வாய் வெட்டலாமே! “லோ கியரில் ஓட்டினால் போதாதா?” என்பாரும் உண்டு. சேற்றுக்கு அது போதும். தார்ச் சாலையில் தொழிற்சாலைக்குத் தினமும் லோ கியரில் போக முடியுமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, இயன்ற அளவு இயந்திரங்களை ஆபத்தின்றிப் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. 40 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது 30-ஆவது பிரிவு. 2024 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்கத் தவறினால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத வண்டியை மலைச் சரிவில் இறக்கச் சொல்வது ஆபத்து இல்லையென்றால் வேறெது ஆபத்து?

ஓட்டுநர்த் தோழர்களுக்கும் கிராணிமார்களுக்கும் நாம் சொல்லும் யோசனை இதுதான். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறது. இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒரு கல்லிலிருந்து பத்தாவது கல் வரை ஓட்டிப் பாருங்கள். மீட்டர் எட்டரை காட்டினால் அதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வண்டி திருந்தும் வரை கணக்குப் புத்தகத்தில் உண்மைத் தூரத்தையே எழுதுங்கள். பாதுகாப்புக் குழுவில் அந்தத் தாளை வையுங்கள். கிராணியாரின் பேனாவும் ஓட்டுநரின் அனுபவமும் ஒன்றுசேர்ந்தால் பொய்ப் பழி நிற்காது.

நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பது: கியரை மாற்றுங்கள், அல்லது பழைய அளவு டயருக்குத் திரும்புங்கள். மீட்டரைத் திருத்துங்கள், பிரேக்கைச் சோதியுங்கள். தவறான மீட்டரை நம்பிக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்களை வாபஸ் பெறுங்கள். நாம் வெட்டிய பாலும் சேர்ந்துதான் அந்த டயர் உருவானது. அதே டயர் நம் தோழர் ஒருவரின் நல்ல பெயரை நசுக்கிவிட்டுப் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.