திரிபும் கனமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். பொறியியல் மூன்றாமாண்டு படிப்பவன், மின்கிதார் வாசிப்பவன். "மாமா, இருக்கிற பெடல் போதவில்லை. இன்னும் கனமான சத்தம் வேண்டும். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றான். இரண்டாண்டுகளில் இது அவன் தேடும் மூன்றாவது பெடல். முதலிரண்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. மூன்றாவதற்கு அம்மாவிடம் கேட்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான்.

நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. "இப்போதிருக்கும் பெடலில் குமிழ்களை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். கெய்ன் முழுமை. பேஸ் முழுமை. ட்ரெபிள் முழுமை. மிட் பூச்சியம். நான் எதிர்பார்த்த விடைதான். இருபத்திரண்டு வயதில் என்னுடைய குமிழ்களும் அங்கேதான் இருந்தன.

இலக்கியம் பேசும் இடத்தில் கிதார்ப் பெடலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். டிஸ்டார்ஷன் என்ற சொல்லைத் தமிழில் 'திரிபு' என்று வைத்துக்கொண்டால், அது நாம் நன்கறிந்த இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சொற்கள் புணரும்போது நேரும் விகாரங்கள் மூன்று என்று இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித்தருகிறேன்: தோன்றல், திரிதல், கெடுதல். கிதாரின் ஒலி ஒரு டிஸ்டார்ஷன் பெடலுக்குள் நுழைந்து வெளியேறும்போது இம்மூன்றும் நிகழ்கின்றன. எது எவ்வளவு நிகழ வேண்டும் என்று தீர்மானிப்பதே பெடல் தேர்வு. கனத்தை விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இம்மூன்றையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டு, கனம் வரவில்லையே என்று அடுத்த பெடலைத் தேடுகிறார்கள் என்பது என் துணிபு.

முதலில் இந்தத் திரிபு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்க்கலாம். அதன் வரலாறு முழுக்கப் பழுதுகளின் வரலாறு. 1951-இல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88' பாடலில் கிதாரின் சத்தம் கரகரக்கிறது. வழியில் அடிபட்ட ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்ததன் விளைவு அது என்பார்கள். 1958-இல் லிங்க் ரே, 'ரம்பிள்' என்ற பாடலற்ற இசைத்துண்டுக்காகத் தன் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் துளையிட்டார். சொல் ஒன்றுகூட இல்லாத அந்த இசையை அமெரிக்காவின் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைச் சவர பிளேடால் கீறினார். 'யூ ரியலி காட் மீ' பாடலின் அந்த முரட்டுத்தனம் அங்கிருந்து வந்தது.

பழுது பெட்டிக்குள் அடங்கியது நாஷ்வில்லில். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' 1961-இல் வெளியானது. அதில் கிராடி மார்ட்டின் வாசித்த பகுதி, ஒலிக்கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போனதால் வண்டு இரைவதுபோலப் பதிவாகியது. அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலிப்பொறியாளர் க்ளென் ஸ்னோடி அந்தப் பழுதை டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு செயற்கையாக உண்டாக்கிக் காட்ட, கிப்ஸன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விற்பனை மந்தமாகவே இருந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பிழையிலிருந்து அழகு பிறப்பது நமக்கும் புதிதன்று. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுகிறோம். ஜீவாளி என்று அதற்குப் பெயர். அந்த நூல் சரியான இடத்தில் அமையும்போதுதான் தந்தி ரீங்கரித்து, மேல் சுரங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். மயிரிழை நகர்ந்தாலும் அந்த உயிர் போய்விடும். திரிபுக்கு அளவு உண்டு என்பதைத் தம்புரா கூட்டுபவர்கள் விரல்நுனியில் அறிந்திருக்கிறார்கள்.

இனிப் பெட்டிக்குள் நடப்பது. கிதாரின் மின்னலையைப் பெடல் பெரிதாக்குகிறது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டும் அலைமுகடுகளை டயோடுகள் வெட்டிவிடுகின்றன. சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலும் வெட்டத் தொடங்கும். அலையின் வடிவம் மாறுகிறது, இது திரிதல். வடிவம் மாறியதும், மூல ஒலியில் அடங்கிக் கிடந்தவையும் இல்லாதவையுமான மேல் சுரங்கள் ஓங்கி எழுகின்றன, இது தோன்றல். மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெட்டப்படுவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறது, இது கெடுதல்.

வெட்டும் விதத்தில் பெடல்கள் வேறுபடுகின்றன. 1970-களின் இறுதியில் வந்த ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற ஓவர்டிரைவ்களில் டயோடுகள் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் அமர்ந்து, முகடுகளை வளைத்து மழுக்குகின்றன. 1978-இல் வந்த பாஸ் டிஎஸ்-1, அதே காலத்து ப்ரோகோ ராட் போன்றவற்றில் பெருக்கிக்குப் பிறகு டயோடுகள் அமர்ந்து, முகடுகளைத் தட்டையாக அறுக்கின்றன. ஃபஸ் வகை இன்னும் முரடு. அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே ஆக்கிவிடும்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஹெவி மெட்டல் கிதாரின் அடிப்படை, அடிச் சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் சேர்த்து மீட்டும் பவர் கார்டு. தாழ்ந்த ஈ சுரம் 82.4 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரமான பி 123.5 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து திரிபடையும்போது அவற்றின் வேறுபாடான 41 ஹெர்ட்ஸும் ஒலியில் பிறக்கிறது. அது ஈ சுரத்தின் கீழ்ஸ்தாயி. வாசித்தவன் மீட்டாத சுரம். கனமாக நமக்குக் கேட்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஐந்தாம் சுரத்துக்குப் பதிலாக மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் வேறுபாடு 21 ஹெர்ட்ஸ் அளவில் எதனோடும் இயையாமல் விழுந்து ஒலி கலங்கிப்போகும். அப்படியானால் கனம் எந்தச் சுரங்களை விரல் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

டோனி அயோமியின் கதை இதற்குச் சான்று. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில், பதினேழு வயதில், வேலையின் கடைசி நாளன்று, வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர் அவர். இடக்கையால் மீட்டுபவர் ஆதலால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் போய்விட்டன. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கித் தளர்த்திக்கொண்டார். பிளாக் சப்பாத்தின் முதல் தொகுப்பு 1970-இல் வந்தபோது அவர் காலடியில் இருந்தது என்ன தெரியுமா? டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர். ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் கொண்ட அந்தப் பெட்டியின் வேலை மேல் ஒலிகளை உயர்த்தி ஆம்ப்ளிஃபயரைத் திணறடிப்பது. உலகின் மிகக் கனமான இசைக்கு அடிக்கல் நாட்டியது கீழ் ஒலியைக் கூட்டும் கருவியன்று. மேல் ஒலியைக் கூட்டும் கருவி!

காரணம் எளிது. கீழ் ஒலி மிகுதியாகத் திரிபுக்குள் போனால் சேறாகிவிடும். ட்யூப் ஸ்க்ரீமரும் இதையே செய்கிறது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அதன் திரிபுப் பகுதி ஒலியைக் குறைவாகவே பெருக்குகிறது. ஆகவேதான் மெட்டல் கலைஞர்கள் பலர் அதிக கெய்ன் கொண்ட ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அதை வைத்து, அதன் கெய்னை ஏறக்குறையப் பூச்சியத்துக்கு இறக்கி, வால்யூமை மட்டும் ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். திரிபைக் கூட்டுவதற்கல்ல, இறுக்குவதற்கு.

இனி மிட். இதைப் பற்றிச் சொல்லும்போது என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

2001. முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் நால்வர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து பழைய பெடல் ஒன்றை வாங்கியிருந்தேன். அறையில் தனியே, மெல்லிய சத்தத்தில் வாசிக்கையில் மிட்டைக் குறைத்து மற்ற இரண்டையும் ஏற்றினால் அற்புதமாக இருக்கும். குறைந்த சத்தத்தில் நம் செவி கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் குறைத்தே உணர்கிறது. குமிழ்கள் அதை ஈடுசெய்கின்றன. இது எனக்கு அன்று தெரியாது. கல்லூரிகளுக்கிடையிலான விழாவில் மேடையேறினோம். கீழ் ஒலியில் பேஸ் கிதாரும் ட்ரம்மும் இருந்தன. மேல் ஒலியில் ஜால்ராத் தட்டுகள் இருந்தன. எனக்கென்று மிச்சமிருந்த நடுப்பகுதியை நானே துடைத்து எறிந்திருந்தேன். என் கிதார் எனக்குக் கேட்கவில்லை. வால்யூமை ஏற்றினேன். மீண்டும் ஏற்றினேன். அது சுரமாகக் கேட்கவில்லை. இரைச்சலாக எல்லோர் மீதும் படிந்தது.

இறங்கி வந்ததும் பாடிய நண்பன் என்னைக் கேட்டான்: "நான் பாடினது உனக்குக் கேட்டுச்சா?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதன்பின் எப்போதுமே வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்கான விடை சொல்லவில்லை.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். மெட்டாலிகாவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 1988-இல் வந்தது. நடுப்பகுதி குழிந்த கிதார் ஒலிக்கு அது எடுத்துக்காட்டு. அந்தத் தொகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஜேஸன் நியூஸ்டெட்டின் பேஸ் கிதார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. எனக்கு அந்தப் பாடல்கள் பிடிக்கும். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் அங்கில்லாத ஒருவரை நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு மாற்றுச் சான்று உண்டு என்று விவரமறிந்தவர்கள் சொல்லக்கூடும். 1990-இல் ஸ்வீடனின் எண்டூம்ட் குழு, ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஒலிப்பதிவுக்கூடத்தில் தாமஸ் ஸ்கூக்ஸ்பெரியுடன் பதிவுசெய்த 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' தொகுப்பு. பாஸ் எச்எம்-2 என்ற பெடலின் எல்லாக் குமிழ்களையும் முழுமையாகத் திருப்பிவைத்துப் பிறந்த, மரமறுக்கும் வாளின் ஒலி அது. 1983-இல் வந்து 1991-இல் உற்பத்தி நின்ற அந்தப் பெடலை, இந்த ஒலிக்காகவே 2020-இல் எச்எம்-2டபிள்யூ என்று மறுபடி கொண்டுவந்தார்கள். எல்லாம் முழுமையில் இருந்தும் அது ஏன் வென்றது? அதன் மேல் ஒலிக் குமிழ் உண்மையில் உயர்த்துவது ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. அது நடுப்பகுதிதான். குமிழின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த இளைஞர்கள் நடுவைத் துறக்கவில்லை; அங்கேதான் குடியேறினார்கள்.

ஆகவே பெடல் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனைகள் சில. சொந்தக் கிதாரை எடுத்துச் செல்லுங்கள். கூடுமானால் வீட்டிலிருக்கும் ஆம்ப்ளிஃபயரைப் போன்ற ஒன்றிலேயே கேட்டுப்பாருங்கள். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பெடலைவிடப் பெரிய வடிகட்டிகள். கெய்னைப் பாதியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறக்குங்கள்; எந்த இடத்துக்குக் கீழே கனம் போய்விடுகிறதோ அதற்குச் சற்று மேலே நிறுத்துங்கள். நீங்கள் நினைத்ததைவிட அது தாழ்வான இடமாக இருக்கும். மிட்டுக்கெனத் தனிக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். 1991-இல் வந்த பாஸ் எம்டி-2 மெட்டல் ஜோனைப் பலர் பழிக்கிறார்கள். ஆனால் நடுப்பகுதியை 200 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் தேர்ந்து ஏற்றவோ இறக்கவோ அதில் வழியுண்டு. பழிக்கப்படுவது பெரும்பாலும் அந்தக் குமிழை இறக்கிவைத்தவர்களின் ஒலிதான். தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி வாசித்து உடனே நிறுத்துங்கள். ஒலி உங்களோடு சேர்ந்து நிற்கிறதா, இழுபட்டு வாலாக நீள்கிறதா என்று கவனியுங்கள். கனத்தின் மறுபாதி மௌனம். எல்லாவற்றுக்கும் மேலாக, ட்ரம்மும் பேஸ் கிதாரும் கூட ஒலிக்கையில் கேட்டுப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்காதீர்கள்.

இதையெல்லாம் அக்காள் மகனிடம் சுருக்கிச் சொன்னேன். கெய்னைப் பாதிக்கு இறக்கு, பேஸைக் குறை, மிட்டை ஏற்று, ஒரு மாதம் குழுவோடு வாசித்துப் பார், அதன்பிறகும் போதவில்லை என்றால் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவனுக்கு ஏமாற்றம்தான். புதுப் பெட்டியின் பெயரை எதிர்பார்த்தவனுக்கு விரதம் இருக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நேற்று மறுபடி அழைத்தான். "மாமா, இப்போது நான் விரலில் செய்கிற தப்பெல்லாம் வெளியே கேட்கிறது" என்றான், குறைபோல. "பாடுகிற பையன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டேன்.

"அவன்தான் இப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறான்" என்றான்.