பன்னிரண்டு பெயர்களும் ஒரு நூலும்



சில திங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் என்னை அணுகி, "ஐயா, பழைய தமிழ் நூல்களைப் படிக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டார். நூல்களைப் பற்றி எவரேனும் வினவிவிட்டால் எனக்கு உற்சாகம் கரை புரண்டுவிடும். சங்கப் பாடல்களில் தொடங்கி 19-ஆம் நூற்றாண்டுப் புதினங்கள் வரை பன்னிரண்டு பெயர்களை மூச்சு விடாமல் அடுக்கினேன். அவரும் பொறுமையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டு, நன்றி கூறிச் சென்றார்.

ஒரு திங்கள் கழிந்தபின் மீண்டும் அவரைக் கண்டேன். "எதைப் படித்தீர்கள், அம்மா?" என்று ஆவலோடு கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "மன்னியுங்கள், ஐயா. பன்னிரண்டு பெயர்களைத் தந்தீர்கள். ஒரு நூலைத் தந்திருந்தால் படித்திருப்பேன்" என்றார்.

அவர் குறை கூறும் நோக்கத்தோடு சொல்லவில்லை. ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், நான் சொன்ன பன்னிரண்டு நூல்களும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அந்த அலமாரிக்குப் பூட்டும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இரவல் கொடுத்த நூல் ஒன்று திரும்பி வராத வருத்தத்தில் போட்ட பூட்டு அது. நூல்களைப் பாதுகாப்பதாகவே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவற்றைச் சிறையில் வைத்திருந்தேன்.

அன்று இரவு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நினைவுக்கு வந்தது. 1880-ஆம் ஆண்டு அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்றவர். கல்வியில் நிறைந்தவர் என்று பெயர் பெற்றவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைக் கற்றிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று வரிசையாகக் கூறினார். முதலியாரின் முகத்தில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த கேள்வி. பிரதி கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்றார் ஐயர்.

வாசகர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். முதலியார் என்னைப் போலப் பெயர்களைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடவில்லை. சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடி வருவித்து ஐயர் கையில் கொடுத்தார். அந்நூலைப் பற்றி அவரோடு அமர்ந்து உரையாடினார். பின்னர் வேறு ஊருக்குப் போன போதும், அதை அச்சிட வேண்டும் என்று தூண்டிக்கொண்டேயிருந்தார்.

சைவராகிய ஐயருக்குச் சிந்தாமணியின் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. அவர் வெட்கப்படாமல் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அங்கே சிந்தாமணியைப் போற்றிப் படிக்கும் வழக்கம் உயிரோடிருந்தது. அவர்கள் தம் சமய உண்மைகளை அவருக்கு அன்போடு எடுத்துரைத்தார்கள். ஏழாண்டு உழைப்புக்குப் பின், 1887-இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வந்தன. ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்கு நல்ல நூலொன்றை எடுத்துக் கொடுத்ததில் தொடங்கிய பெருஞ்செயல் இது. நமக்கும் அச்செயலின் முதற்படியேனும் எட்டும் அல்லவா?

மறுநாளே அலமாரியைத் திறந்தேன். எந்த நூலைக் கொடுப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். முதலில் கைக்கு வந்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1879-இல் வெளிவந்த இது தமிழின் முதற் புதினம். ஆசிரியர் 1826-இல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். ஐயரின் ஆசிரியராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் உற்ற நண்பர். அந்நட்பின் சின்னமாகக் 'குளத்துக் கோவை' என்னும் நூலே எழுந்தது. புதினத்தின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டை அரசாளும் பகுதியைப் படிக்கும் பெண்மக்கள் இன்றும் மகிழ்வார்கள். சிரிப்பும் அறிவுரையும் கலந்த நூல். பழைய நூல் என்றாலே அஞ்சுவோருக்கு ஏற்ற முதல் வாயில் இதுவே.

ஆனால் அந்த ஆசிரியை பாடல் படிக்கவே விரும்பினார். ஆகவே என் தந்தையார் விட்டுச் சென்ற தேம்பாவணியை எடுத்தேன். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726-இல் தமிழில் நிறைவு செய்த பெருங்காப்பியம். வளன் என்னும் பெயரில் புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடுவது. 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இந்த எண்ணிக்கையைக் கேட்டவுடன் நம்மில் பலர் நூலை வணங்கிவிட்டு மூடிவிடுகிறோம்! ஆதலால், "முதற் பாடலிலிருந்து தொடங்க வேண்டாம், அம்மா. கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதியை மட்டும் படியுங்கள்" என்று சொல்லி, அப்பக்கத்தில் ஒரு தாளை வைத்துக் கொடுத்தேன். கருணையன் என்பது திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர். காட்டில் தாயோடு வாழ்ந்த பிள்ளை அவளை அடக்கம் செய்துவிட்டுத் தனித்து நின்று அழுகிறான். மரமும் பூவும் பறவையும் அவனோடு சேர்ந்து அழுகின்றன. தாயை இழந்த எவருக்கும் அப்பாடல்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு திங்களுக்குப் பின் நூல் திரும்பி வந்தது. நான் குறித்துக் கொடுத்த பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை ஒன்று படிந்திருந்தது. என் முகம் சுருங்கியதை ஆசிரியை கண்டுகொண்டார்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. சமையலறையில் வைத்துப் படித்தேன். அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது. அதன்பின் அப்பா எவரோடும் அதிகம் பேசுவதில்லை. நான் அடுப்படியில் உரக்கப் படித்ததைக் கேட்டு, வாசலில் வந்து நின்றார். இன்னொரு முறை படி என்றார். அன்று இரவுதான், ஓராண்டுக்குப் பிறகு, அம்மாவைப் பற்றி வாய் திறந்து பேசினார்."

எனக்குப் பேச நா எழவில்லை. என் அலமாரியில் இத்தனை ஆண்டுகள் மாசின்றி இருந்த அந்நூல் ஒருவருக்கும் ஆறுதல் தரவில்லை. கறை படிந்த பிறகே அது தன் பணியைச் செய்தது.

ஆகவே, அன்பர்களே, உங்கள் முன் மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, பட்டியல் தராதீர்கள். ஒரே ஒரு நூலைத் தாருங்கள். அது யாருக்கு, எந்த நிலையில் உதவும் என்று எண்ணித் தாருங்கள். இரண்டாவது, எந்தப் பக்கத்தில் தொடங்கலாம் என்று காட்டுங்கள். பெரிய நூலுக்குள் நுழையச் சிறிய வாயில் போதும். மூன்றாவது, படித்தவரோடு அமர்ந்து பேசுங்கள். விளங்காத இடம் வந்தால், ஐயர் சமணர் இல்லம் சென்றது போல, அறிந்தவரை நாடிக் கேளுங்கள். அவர் எச்சமயத்தவர் ஆனால் என்ன?

நூல் திரும்பாமற் போகுமே என்ற அச்சம் இருந்தால், வாங்கிச் செல்வோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நானும் அப்படியே செய்கிறேன். அலமாரியின் பூட்டை மட்டும் கழற்றிவிட்டேன்.

இந்தத் திங்களில் நீங்கள் எந்த நூலை, யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? கொடுத்த பின் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றி உரையாடுவோம்.